தம்பியின் கைக்கு ஏற்றது

சனிக்கிழமைகளில் துப்பாக்கிக் கடையில் கூட்டமாக இருக்கும் என்பதால் நாங்கள் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் போனோம். நானும் என் தம்பி கோபிசனும். இந்திரா தங்கச்சி, நீங்கள் ஜெர்மன் மொழியில் மாற்றிச் சொல்ல வசதியாக நான் மெதுவாகவே கதைக்கிறேன். இந்தப் பொலிஸ் அம்மாவும் பொறுமையாகத்தான் கேட்கிறார்.

யாழ்ப்பாணத்துச் சமையல்காரன் ஒருவன் எப்படி வேட்டைக்குள் வந்தான் என்று கேட்டார். என் முதலாளி வேட்டைக்காரர். இலையுதிர் காலம் வந்தால் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் எங்கள் உணவகத்துக்குச் சனம் வருவதே மானும் பன்றியும் சாப்பிடத்தான். முதலில் காட்டில் தடியால் தட்டிப் பன்றிகளைக் கலைக்கும் ஆட்களோடு போனேன். பிறகு பரீட்சை எழுதி உரிமம் எடுத்தேன். தம்பி வளர்ந்ததும் அவனும் எடுத்தான்.

அம்மா செத்த பிறகு அவனைச் சின்னப் பிள்ளையாக இங்கே எடுப்பித்து வளர்த்தவன் நான். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு மசாலா மணக்கும் சட்டையோடு போய் உட்கார்ந்திருப்பேன். அவனுக்காகத்தான் தவராஜா கலியாணம் கட்டவில்லை என்று சனம் சொல்லும். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அவன் எலக்ட்ரீஷியன் ஆனான். பிரபாலினியைக் கட்டினான். அவள் நல்ல பிள்ளை, அவளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்பு காலுக்குச் சப்பாத்து வாங்கவும் என்னைக் கேட்டவன், பிறகு எல்லாவற்றையும் அவளைக் கேட்டான். அது இயல்புதானே. எனக்கு மிஞ்சியது காடு மட்டும்.

காட்டுப்பன்றி சூடு பட்டதும் விழுந்துவிடாது. முட்புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே நீளத் துவக்கைத் திருப்ப இடம் கிடையாது. அது பாய்ந்தால் தடுப்பதற்குத்தான் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி. என்னிடம் பெரிய ரிவோல்வர் ஒன்று இருக்கிறது. இவ்வளவு காலமும் புதருக்குள் முன்னால் போவது நான். அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "கவனம் அண்ணை" என்பான். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் வருடம் முழுக்க அடுப்படியில் நின்றேன் என்றால் இந்த அம்மாவுக்கு விளங்குமோ தெரியாது.

ஓகஸ்டில் அவன் வீட்டுக்கு வந்தான். "அண்ணை, வாற வருசம் நான் வேற ஆக்களோட வேட்டைக்குப் போகப்போறன். உங்கட முழங்காலும் சரியில்லை. நீங்கள் ஆறுதலா இருங்கோ" என்றான். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். "எனக்கெண்டு ஒரு பிஸ்டல் எடுக்கவேணும். அதை நீங்கள்தான் பாத்துத் தரவேணும்."

நான் ஓம் என்றேன்.

கடைக்காரர் மேசையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று என்னுடையதைப் போலப் பெரியது. மற்றது சின்னது, குறி பழகுகிறவர்கள் வைத்திருப்பது. "பன்றிக்கு என்றால் இதுதான்" என்று பெரியதை அவன் பக்கம் நகர்த்தினார். கோபிசன் அதைத் தூக்கினான். கை கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு நிலைத்துவிட்டது. அவனுக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"இது உன்ர கைக்குப் பாரமடா. பதட்டத்தில குறி தவறும். சின்னதை எடு" என்றேன்.

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அது பன்றியை நிறுத்தாது என்றார். அவன் கையை எனக்குத் தெரியும் என்றேன். தம்பி சிரித்தான். "அண்ணை சொன்னாச் சரி" என்று பெரியதைத் திரும்ப வைத்துவிட்டான்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதைக் கவனமாகச் சொல்லுங்கள், தங்கச்சி. அந்தத் துப்பாக்கி ஒருமுறை அவனுக்கு உதவாமல் போகவேண்டும், அப்போது நான் பக்கத்தில் நிற்கவேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வேறு ஆட்களைப் பற்றிக் கதைக்கமாட்டான்.

நவம்பரில் ராண்டன் காட்டுக்குப் போனோம். காலைப் பனிப்புகார் இன்னும் விலகவில்லை. கோபிசன் சுட்ட பெரிய கடுவன் பன்றி ஒன்று சூட்டோடு புதருக்குள் பாய்ந்தது. அப்படியானால் காயம்பட்டதைத் தேடப் பழக்கிய நாய் வரும்வரை காத்திருக்கவேண்டும். அது சட்டம், அவனுக்கும் தெரியும்.

"நாய் வரட்டும் அண்ணை."

"அது இதுக்குள்ள செத்திருக்கும். போய்ப் பார். நான் பின்னால வாறன்."

அவன் போனான். நான் போகவில்லை. ஒரு மரத்தோடு சாய்ந்து நின்றேன். என் ரிவோல்வர் இடுப்பில்தான் இருந்தது.

சின்னத் துப்பாக்கி வெடித்தது, சுள்ளி முறிகிற மாதிரி. திரும்பவும் வெடித்தது. பிறகு புதர் முழுவதும் முறிகிற சத்தம். அதற்குள்ளிருந்து, "அண்ணை" என்றான்.

பயத்தில் எனக்குக் கால் எழவில்லை என்று பொலிஸின் முதல் அறிக்கையில் இருக்கிறது. அது பிழை. எனக்குப் பயம் இருக்கவில்லை. அவன் என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அந்தக் குரலில்தான் கூப்பிடுவான். இன்னொரு தரம் கேட்கவேண்டும் போல இருந்தது. கூப்பிட்டான். இன்னும் ஒரு தரம் என்று நின்றேன். அந்த நேரம்தான் கூடிப்போயிற்று.

நான் போனபோது பன்றி அங்கே இல்லை. அவன் தொடையைக் கிழித்திருந்தது. இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தேன், இரத்தம் நிற்கவில்லை. என்னைப் பார்த்தான். "வந்திட்டீங்களோ" என்றான்.

"ஓம் ராசா, வந்திட்டன்" என்றேன்.

செத்தவீட்டில் பிரபாலினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்கள் பக்கத்தில இருந்தபடியால் அவர் தனியச் சாகேல்லை அண்ணை" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் இங்கே வந்தேன்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள், தங்கச்சி? அழவேண்டாம். இந்த அம்மாவுக்கு அப்படியே சொல்லுங்கள். உதவாத துப்பாக்கியைத் தெரிந்துகொண்டே எடுத்துக் கொடுத்தேன். நாய் வருமுன் அவனை உள்ளே அனுப்பினேன். அவன் கூப்பிட்டபோது கேட்டுக்கொண்டு நின்றேன். கொன்றது நான்தான் என்று எழுதட்டும்.

இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கடைசியில் அவன் கூப்பிட்டது பிரபாலினியை இல்லை, என்னைத்தான்.