குத்துவிளக்குக்குப் பூசுவதுபோல

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி போகும் பஸ்ஸில், என் முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"மகன்ர மோட்டார் சைக்கிள் இஞ்சினுக்குப் புளியும் சாம்பலும் பூசி, ஊறட்டும் எண்டு விட்டனான் அக்கா."

மற்றவர் சிரித்துவிட்டார். "விசரி! அதென்ன குத்துவிளக்கே?"

"அவன் போய் ஒரு வருசமாகுது, ஆட்டைத் திவசத்துக்கு மினுங்கட்டும் எண்டு நினைச்சன். ஆனா புளி ஊறினதில அலுமினியமெல்லாம் கறுத்துப்போச்சு. சவுக்காரத் தண்ணியால கழுவி, எண்ணெய்த் துணியால துடைச்சாக் காணும் எண்டு எத்தினைதரம் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை."

"அழாதையடி. கராச்சில குடுத்தா மினுக்கித் தருவினம்."

"கறுப்புப் போகும் அக்கா. அவன்ர குதிக்கால் உரஞ்சி உரஞ்சி அதில ஒரு இடம் மட்டும் பளபளப்பா இருந்தது. இனி மினுக்கினா, எல்லா இடமும் ஒரே மாதிரியெல்லோ மினுங்கும்?"