நீளமான கண்

கோட்டாற்றிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ் அது. தக்கலை வருவதற்குள் நாற்பத்தொரு குழிகளை எண்ணிவிட்டேன். எனக்கு முன் இருக்கையில் தடித்த கண்ணாடி போட்ட குள்ளமான ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் சொன்னது காதில் விழுந்தது.

“ஆளுதான் வளரல்ல. கண்ணாவது வளந்திருக்கே!”

“கேலியா ஏட்டி? கிட்டப்பார்வை கூடக்கூடக் கண்ணு நீண்டுக்கிட்டே போகுமாம். உள்ள இருக்க சவ்வு இழுபட்டுக் கிழிஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரு.”

“கிழிசல என்ன செய்வாராம்? தச்சுத் தருவாரா?”

“சூடேத்தின ஊசியால சுட்டு ஒட்ட வைப்பாராம். பொறவு ரெண்டு கண்ணையும் கட்டிக்கிட்டு மூணு வாரம் அசையாம கெடக்கணும்.”

“மூணு வாரம் புஸ்தகம் இல்லாமலா? அப்பம் நான் பேசுகத கேட்டுத்தான் ஆகணும்.”

“ஒட்டலன்னா இந்தக் கண்ணு போச்சு. மத்ததும் இதே நீளந்தான்.”

“ஜெபம் பண்ணுவோம்” என்று அவர் தலையைக் குனியப் போனார். அவள் சட்டென்று அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“குனியப்படாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா? நீங்க நிமிந்தே இரிங்க. ரெண்டு பேருக்குஞ் சேத்து நான் குனியுகேன்.”