மேகம் பார்த்தவரைத் தேடிப் போன கேள்வி

அன்பின் ஊற்றே! அடக்கத்தின் அழகே! திருமுல்லைவாயில் இளைஞர் கற்றல் மனையின் பொறுப்பாளராய் எண்பத்து நான்காம் ஆண்டு முதல் எங்களோடிருந்து இன்று பணி நிறைவு காணும் ஞானகுமாரி அக்கா அவர்களே, வணக்கம்!

பள்ளியை விட்டும் பட்டறையில் இடமின்றியும் திரிந்த பிள்ளைகள், "இங்க இன்னா சொல்லித் தருவீங்க?" என்று வாசலில் நிற்பார்கள். "உனக்கு இன்னா தெரிஞ்சிக்கணும்?" என்பீர்கள் தாங்கள்.

அப்படி வந்தவர்தான் இன்று எங்களில் ஒருவராயிருக்கும் தேவராஜ். அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த பட்டறை மூடியபின், பகலெல்லாம் ஏரிக்கரையில் மல்லாந்து கிடப்பார். வெண்மேகங்கள் மெல்ல மிதந்து, வடிவம் மாறி, வானிலே கரைவதைக் காண்கையில் தாமும் கரைவதாய்த் தோன்றும் அவருக்கு.

"மேகம் எங்கேர்ந்து வர்துன்னு தெரியணும்க்கா" என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். தாங்கள் சிரிக்கவில்லை, விடையும் சொல்லவில்லை. "எங்க தேடலாம்? நீயே சொல்லு" என்றீர்கள்.

அவர் நூலகம் தேடி நடந்தார். புரியாத சொல்லைக் கண்டவரிடமெல்லாம் கேட்டார். சைக்கிள் கம்பியும் தகரமும் கொண்டு காற்றின் திசைகாட்டி செய்து நம் மனையின் மாடியில் நட்டார்.

ஆடி மாதம், அம்மனுக்குக் கூழ் வார்த்த நாள். "சாயங்காலம் மழை ஊத்தும்" என்றார் தேவராஜ். நம்பிய தெருவார் பாட்டுக் கச்சேரி மேடையைப் பிரித்துக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். வானமோ நிலவைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தது! "இன்னா மாமே, உன் மழை வர்ற வழில வில்லிவாக்கத்துலயே எறங்கிக்கிச்சா?" என்று கேலி செய்தான் நண்பன் வேம்புலி. தேவராஜ் திசைகாட்டியைப் பிடுங்கி எறிந்தார். வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

தாங்கள் போனீர்கள். ஆறுதல் சொல்வீர்கள் என்று அஞ்சி அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஏன் பெய்யலன்னு தெரிஞ்சிக்க வாணாமா?" என்றீர்கள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அந்தத் தகரம் எங்க வுழுந்துச்சின்னு பாத்தியாக்கா?"

தேடி எடுக்க வேம்புலியும் வந்தான். அதன்பின் தேவராஜின் கணிப்பு பலித்ததும் உண்டு, பொய்த்ததும் உண்டு. பொய்த்தபோது அவர் படுக்கவில்லை. இன்று புதிதாய் வரும் பிள்ளைகளின் கேள்விகளுக்குக் காது கொடுப்பவர் அவரே.

"ரிட்டயர் ஆயி இன்னாக்கா செய்வே?" என்று நேற்று அவர் கேட்டார்.

"சைக்கிள் ஓட்டக் கத்துக்கப் போறேன்."

"நான் புடிச்சிக்கட்டா?"

"கூட ஓடி வா, போதும். கேரியர்ல கை வைக்காத!"

தெருவெல்லாம் தங்களுக்கு வழிவிடுக! முழங்காலும் மூச்சும் முதுமையிலும் தளராதிருக்க, பல்லாண்டு பெருவாழ்வு வாழ்க!

அன்புடன் கூட ஓடி வரும்,
கற்றல் மனைப் பணியாளர்கள்
திருமுல்லைவாயில், 1996