கறுப்படித்த பெயர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன்சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். கண்ணாடி போட்டவளின் பேஸ்மென்ட்டில் இருந்த தங்கச்சி குடும்பம், அது அனுமதியில்லாத குடியிருப்பு என்று யாரோ மாநகரசபைக்கு அறிவித்ததால் வெளியேற வேண்டி வந்ததாம்.

“அந்த முறைப்பாட்டைத் தாங்கோ எண்டு சிற்றிக்கு எழுதிக் கேட்டனான். தந்தவங்கள். ஆனா அறிவிச்ச ஆளின்ரை பேருக்கு மேலை கறுப்படிச்சிருக்கு.”

“வெளிச்சத்திலை பிடிச்சும் தெரியேல்லையோ?” என்றாள் பக்கத்திலிருந்த சிநேகிதி.

“இல்லையடி. பேரைக் காட்டச் சட்டம் விடாதாம்.”

“ஒருநாளும்?”

“ஒருநாளும்.”

“அப்ப நல்லதாப் போச்சு.”

“என்னடி நல்லது?”

“இல்லை… வீண் சண்டை வராதெல்லே.”

கண்ணாடிக்காரி இறங்கும்வரை சிநேகிதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேத்தி, நான் எழுதின இதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு பிள்ளை. நான் ஆரின்ரையும் பேர் எழுதிப்போடேல்லைத்தானே?