மூன்றாம் மாடிப் பை

பழத்தோலைக் காகிதத்தில் மடித்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். இது என் எட்டு வருஷ அனுபவம், ஐயா. குப்பையைக் கிளறுகிறவன் என்றால் பசிக்காரன், இல்லையென்றால் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. தபால் பிரிக்கும் பகுதியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். லட்சக்கணக்கான உறைகள் கைமாறின, ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. ஓய்வுபெற்று வந்தபின் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். வாசலில் நின்று கேட்டால் எல்லாரும் 'நல்லா இருக்கோம்' என்பார்கள். குப்பைக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "ஊர் அழுக்கெல்லாம் நம்ம வீட்டுக்குள்ளதான் வரணுமா? இருந்தா அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சீப்பிலிருந்து சுருட்டிப் போடும் முடி நான்கு நாளாகக் கூடையில் விழாததைப் பார்த்துத்தான், அவள் திரும்ப வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் கணக்கு டீச்சர் தனியாக இருந்தார். ஓய்வுபெற்றவர். செவ்வாயும் வெள்ளியும் படிக்கட்டோரம் பை வைப்பார். முடிச்சு அழகாக இருக்கும். போன வருஷம் அந்தப் பையில் கசக்கிய கடிதங்கள் வரத் தொடங்கின. எட்டுமுறை எழுதி, தப்பான கணக்கை அடிப்பதுபோல் ஒரே கோட்டில் அடித்திருந்தார். வெளியூரில் இருக்கும் தங்கைக்கு. பதினாறு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் அவற்றை இஸ்திரி போட்டு அடுக்கினேன்.

ஒன்பதாவதை ஒட்டி என்னிடமே கொடுத்தார். "மூட்டு வலிண்ணா, இறங்க முடியல. போற வழியில இதைப் பெட்டியில போட்டுடுறீங்களா?"

போட்டேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் நாள் தங்கையின் பதில் வந்தது. கீழ்த்தளத் தபால்பெட்டிகளின் மாற்றுச்சாவி என்னிடம்தான் இருந்தது. பழைய தபால்காரன் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் நம்பிக் கொடுத்தது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம், அது எனக்குத் தெரியாதா? அதனால் முதலில் என் வீட்டுக் கூடையில் போட்டேன். கூடையில் விழுந்தால் குப்பை. பிறகுதான் எடுத்துப் பிரித்தேன்.

'அக்கா, உடனே கிளம்பி வா. உனக்கு ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறேன்' என்று இருந்தது.

டீச்சர் போய்விட்டால் மூன்றாம் மாடிக்கு வேறு யாராவது வருவார்கள். எப்படிப்பட்டவர்களோ. அதனால் கொடுக்கவில்லை.

டீச்சர் இன்னும் இரண்டு எழுதிக் கொடுத்தார். அவற்றைப் பெட்டியில் போடவில்லை. தங்கையும் இன்னும் இரண்டு எழுதினார். கடைசியில், 'இதற்கும் பதில் இல்லையென்றால், உனக்கு என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்' என்றார். எடுத்துக்கொண்டார் போலும்.

டீச்சர் மாடி வளைவில் நின்று கேட்பார். "லெட்டர் ஏதாவது வந்துச்சாண்ணா?"

"இன்னும் வரலைம்மா."

பிறகு பை இளைக்கத் தொடங்கியது. முதலில் காய்கறித் தோல் நின்றது. பால் உறை வாரத்துக்கு ஏழிலிருந்து மூன்றானது. ரொட்டி வெட்டாமலே பூஞ்சை பிடித்து வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் நான்கு வந்தன. ஒரு குழியும் உடையவில்லை. அதை நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். மருத்துவருக்குக்கூட இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. மாடியேறிப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் சங்கடம்.

அடுத்த செவ்வாய் பை வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய், மூன்றாம் மாடி ஒழுங்காகக் குப்பை வைப்பதில்லை என்று செயலாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். சங்கத்துக்காரர்கள்தான் கதவை உடைத்தார்கள்.

டீச்சரின் பழைய டைரியிலிருந்து முகவரி எடுத்துத் தங்கையை வரவழைத்தார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தவர் தண்ணீர் கேட்டு என் வாசலுக்கு வந்தார்.

"அக்கா கடைசியில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளாண்ணா?"

"ஒண்ணும் சொல்லலைம்மா."

பொய் இல்லை. டீச்சர் சொல்லவில்லை, எழுதினார். நான் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் அவர் சுவரைப் பார்த்துவிட்டார். அக்காவின் கையெழுத்து ஒரு வரிசை, அவருடைய கையெழுத்து ஒரு வரிசை, தேதிவாரியாக அட்டையில் ஒட்டியிருந்தேன். தம்ளரை வாங்கிக்கொள்ளவே இல்லை.

ஆமாம் ஐயா, ஒரு கடிதத்தைக் கொடுத்திருந்தாலும் டீச்சர் இன்று உயிரோடு இருப்பார். அந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்த அன்றே எனக்கு அது தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தத் தங்கை படிக்கட்டில் உட்கார்ந்து, "சாப்பிட்டியான்னு கேக்கக்கூட ஆளில்லாமப் போயிட்டாளே" என்று அழுதார். அது தப்பு. டீச்சர் எந்த வேளை சாப்பிட்டார், எந்த வேளை சாப்பிடவில்லை என்று ஒன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள நான் இருந்தேனே.