ஆறாவது ஆட்டத்தின்போது வந்த அழைப்பு

கோப்பி கொஞ்சம் கடுப்பாக இருக்கும், யோசேப். டென்மார்க்கில் இப்படித்தான் குடிக்கிறார்கள், எனக்கும் பழகிவிட்டது. ஹம்பேர்க்கிலிருந்து ரயிலில் வந்த களைப்புக்கு நல்லது. உங்கள் பழைய விலாசத்துக்குப் போய், நாலு மாதம் சுற்றி வந்த அந்தக் கடிதத்தை மேசையில் வையுங்கள். அது எமிலியாவின் எழுத்துத்தான். நான் எதையும் மறுக்கப்போவதில்லை.

உங்கள் தம்பி தாசன் போன ஆவணியில் சண்டைக்குத் தப்பி இந்தச் சிற்றூர் அகதி விடுதிக்கு வந்தார். அதற்கு முன் ஒன்றரை வருடமாக இங்கே தமிழன் என்று நான் ஒருவன்தான். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரை துடைத்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் என் பெயரை யாரும் கேட்கவில்லை.

ஊர்க் கால்பந்துக் கழகம் பட்டியலின் அடியில் கிடந்தது. இன்னும் ஒரு படி இறங்கினால் கழகத்தைக் கலைத்துவிடுவதாகப் பேச்சு. மிச்சமிருந்தது ஆறு ஆட்டம். யாழ்ப்பாணத்து நாவாந்துறை அணியில் வலது ஓரத்தில் ஓடிய ஒருவர் விடுதியில் இருக்கிறார் என்று தலைவரிடம் போய்ச் சொன்னவன் நான்தான். விருந்தினர் ஆட்டக்காரராக ஆறு ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

முதல் ஆட்டத்தில் தாசன் இரண்டு கோல் போட்டார். மறுநாள் பேக்கரிப் பெண் எனக்கு வணக்கம் சொன்னாள். அடுத்த கிழமை கழக வீட்டுச் சாவியைத் தந்தார்கள். அங்கே உறுப்பினர்களின் கோப்பிக் கோப்பைகள் தொங்கும் சுவரில் எனக்கும் ஓர் ஆணி அடித்து, மேலே 'தேவநாயகம்' என்று பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

"அண்ணை, ஓடிக் களைச்சது நான், கோப்பை உங்களுக்கோ?" என்று தாசன் பகிடி விட்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் போனால் அந்த ஆணியும் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர் ஊரிலிருந்த மனைவி எமிலியாவுக்குக் கழக வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத்தான் எழுதியிருந்தார். ஆறாவது ஆட்டத்துக்கு முதல்நாள், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"அண்ணை, நான் எமிலியா. கொழும்பிலை லொட்ஜிலை நிக்கிறன். செவ்வாய்க்கிழமை பேர்லினுக்கு ஏத்துறன் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லுறான். ஆனா பாஸ்போட்டிலை இன்னொருத்தற்றை பெண்சாதி எண்டு இருக்காம். இவர் தன்ரை வாயாலை ஓம் எண்டு சொன்னால்தான் ஏறுவன். நாளைக்கு உங்கடை ரெண்டு மணிக்கு எடுக்கிறன். பக்கத்திலை நிக்கச் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்."

நான் சொல்லவில்லை. நிதானமாக யோசித்தேன். இரண்டு மணிக்கு ஆட்டம். சொன்னால் அவர் ஆடமாட்டார். ஆடினாலும் மனைவியை ஏற்கப் பேர்லினுக்குப் போய், அப்படியே ஹம்பேர்க்கில் உங்களோடு தங்கிவிடுவார். அதோடு, கலியாணம் கட்டிய ஒரு பெண் இன்னொருவனின் மனைவியாகப் பயணம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் குடும்ப மானத்தைப் பற்றி யாராவது யோசிக்கத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கி ஏழாவது நிமிடம் மணி அடித்தது. யன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், தாசன் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார்.

"அவர் நிக்கிறாரோ, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. எல்லாம் சொன்னனான். இப்பிடி வரவேண்டாமாம். ஊருக்குத் திரும்பிப் போகட்டாம்."

வெளியே கோல். சனம் கத்தியது.

"அது என்ன சத்தம்?"

"ஃபக்டரி, பிள்ளை."

"கோவமாவோ சொன்னவர்?"

"ஓம். கொஞ்சம்."

அந்தக் கடைசிப் பதில் தேவையில்லை. அது என் பிழை.

மூன்றுக்கு இரண்டு. கழகம் தப்பியது. அடுத்த நாள் எமிலியா உங்களுக்கு இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். பஸ் வவுனியா தாண்டியது. யாழ்ப்பாணம் போய்ச் சேரவில்லை. வழியில் மறித்துச் சுட்டவர்களை எனக்குத் தெரியாது. செத்தவர்களின் பெயர்கள் லண்டனிலிருந்து வரும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் இருந்தன; அவளுடையதும் இருந்தது. தாசன் பார்க்கமுன் பத்திரிகையை அடுப்பில் போட்டேன். அவர் நிம்மதியாக இருக்கவேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவருக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்துவிட்டது. ஓல்போர்க்கில் வேலையும் வந்தது, போகவில்லை. கொழும்புக்குப் போன எமிலியா திரும்பவில்லை என்று மட்டும் ஊரிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அவளிடம் இருப்பது கழக இலக்கம் ஒன்றுதானாம். நாலு மாதமாகத் தாசன் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். பந்தைத் தொடுவதில்லை. வேறு யாராவது அழைத்து அவரிடம் உண்மையைச் சொல்லிவிடக்கூடாதே என்று, வேலை முடிந்ததும் நானும் அங்கேதான் இருக்கிறேன். மணி அடித்தால் இருவருக்கும் உடம்பு ஒரேமாதிரித் தூக்கிப்போடும். ஒவ்வொருமுறையும் நான்தான் முந்துவேன்.

"நீங்கள் இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிருக்கும், அண்ணை" என்று நேற்றும் சொன்னார்.

ஆகவே, எமிலியாவை நான்தான் திருப்பி அனுப்பினேன். வேண்டுமென்றே அனுப்பினேன். இதை எங்கே எழுதித் தரச் சொன்னாலும் தருகிறேன். இப்போதும் அவர் கழக வீட்டில்தான் இருக்கிறார். கடிதத்தை நீங்களே கொண்டுபோய்க் காட்டலாம், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஏப்ரலில் புதிய பருவம் தொடங்குகிறது. இனி அவர் விருந்தினர் இல்லை, முழு உறுப்பினராகவே ஆடலாம். படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும்தான் மிச்சம். முதலில் அதை வாங்கித் தாருங்கள், யோசேப். மனம் உடைந்த மனிதருக்கு விளையாட்டு நல்லது.