ரஃபாவின் மாத்திரை

நெய் இல்லாத வெண்பொங்கல் தொண்டையில் இறங்காது என்பார்கள். அடுப்பை அணைத்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பாருங்கள், நெய்யை யாரும் தேட மாட்டார்கள். என் தம்பி ரஃபாயேல் மீன் கறியோடு பாலையும் முட்டையையும் விட்டு வீகனாக மாறியபோது இதையெல்லாம் நானாகவே கற்றுக்கொண்டேன். நீங்கள் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரியும், இன்ஸ்பெக்டர் அம்மா. ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். டீ ஆறுகிறது, முதலில் அதைக் குடியுங்கள்.

அம்மா இறந்தபோது ரஃபாவுக்கு ஏழு வயது. எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. நான்தான் அவனை வளர்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது, எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அதனால் வீட்டில் ஒவ்வொருவராகப் பிரான்சுக்குக் கிளம்பினார்கள். பெரிய தம்பி ஜூல், "வர்ற வருஷம் வந்துடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். போட்டோதான் வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரஃபா மட்டும் குருசுக்குப்பம் வீட்டிலேயே இருந்தான். அவனை இங்கே நிறுத்தி வைத்தது அவனுடைய பாட்டு.

ப்ரோக்ரெஸிவ் சைட்ரான்ஸ் என்று பெயர், மெஷினிலேயே உண்டாக்குகிற ஆட்டப் பாட்டு. கடற்கரைத் தோப்புகளில் கூட்டம் கூடும், அவன் டி.ஜே. பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுப் போடுவான். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனான். ஒரே தாள அடி, ஒரே ஓட்டம். எதுவும் மாறாதது போலவே இருக்கும். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து நினைத்துப் பார்த்தால், ஆரம்பித்த இடம் எங்கேயோ போயிருக்கும். எப்போது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பிறகு கூட்டம் குறைந்தது. வருகிற பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பிலேயே இடி இடிக்க வேண்டும். பொறுத்திருந்து ஆட ஆள் இல்லை. தோப்புக்காரர்களும் டெக்னோ போடுகிறவர்களைத்தான் கூப்பிட்டார்கள். இங்கிருந்து பிரான்சில் லியோனுக்குப் போய்விட்ட அவனுடைய சிநேகிதி ஈனெஸ், அங்கே ஒரு நாடகக் கொட்டகையில் ஒலியமைப்பு பார்க்கிற வேலை அவனுக்கு இருப்பதாகச் சொன்னாள்.

"இங்க நம்ம பாட்டு முடிஞ்சுடுச்சுக்கா. இன்னும் ரெண்டு சீசன் பாத்துட்டுப் போறேன்" என்றான்.

போகாதே என்று அழுகிற பெண்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

மருந்துக் கடையில் நெடுநாள் வேலை பார்த்தவள் நான். வீகன்களுக்கு ஒரேயொரு குறைதான். பி பன்னிரண்டு என்ற வைட்டமின் இலை தழையில் கிடைக்காது. அதற்குத் தினம் ஒரு மாத்திரை போட்டால் போதும், கல்லு போல இருப்பார்கள். ரஃபாவின் புட்டியில் அதை எடுத்துவிட்டு ஃபோலிக் ஆசிட் போட்டு வைத்தேன். சின்ன மஞ்சள் மாத்திரை. விஷமில்லை, பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுப்பதுதான். அதில் ஒரு விசேஷம் உண்டு. பி பன்னிரண்டு குறைந்தாலும் இரத்தம் நன்றாக இருப்பதாகவே காட்டும். நரம்பு மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். இதை ஒரு டாக்டர் கடையில் யாரையோ எச்சரித்தபோது கேட்டிருந்தேன்.

வைட்டமின் சேர்த்த டப்பா சோயாப்பாலையும் நிறுத்தினேன். நானே சோயாவை ஊறவைத்து அரைத்தேன். அக்கா கை மணம் என்று மெச்சிக் குடித்தான்.

மீன் விற்கிற வீராயி வாசலில் நின்று வம்புக்கு இழுப்பாள். "கிறிஸ்மஸுக்குக் கூட வஞ்சிரம் வேணாமா? உன் தம்பி சாமியாரா பூட்டானா இன்னா?"

"அவனுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும், நீ போ" என்பேன்.

உடம்பில் அந்த வைட்டமின் பல காலத்துக்குச் சேமிப்பில் இருக்குமாம். அதனால் மெதுவாகத்தான் நடந்தது. இரண்டாவது சீசனும் போய், இன்னொன்று பார்க்கலாம் என்று அவன் இழுத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், "பாதம் மதமதன்னு இருக்குக்கா. மணல்ல நிக்கிறனா மெத்தையில நிக்கிறனான்னே தெரியல" என்றான். அப்புறம் விரல்கள். பெட்டியில் திருகுகிற குமிழ் கைக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இரண்டின் தாள அடிகளும் முட்டிக்கொண்டன. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அவன் பெட்டியைத் தொடவில்லை.

இரத்தம் சோதித்தார்கள், சோகை இல்லை என்றார்கள். "பாட்டு பூடுச்சில்ல, அந்த ஏக்கம்தான்" என்றார்கள் சிநேகிதர்கள். நானும் ஆமாம் என்றேன். ஒருவனுடைய இசை சாய்ந்தால் அவனும் சாய்வான் என்பதை எல்லோரும் சுலபமாக நம்புகிறார்கள். சாயங்காலம் வெந்நீரில் அவன் காலை வைத்துத் தேய்த்துவிடுவேன். "சூடு தெரியுதா கண்ணு?" என்று கேட்பேன். தெரியவில்லை என்பான். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம்.

போன மாதம் ஈனெஸ் அவனைப் பார்க்க வந்தாள். அவளும் வீகன். காலையில் இட்லிக்கு உட்காரும்போது, "என் பி ட்வெல்வ லியோன்லயே வெச்சிட்டு வந்துட்டேன், ரஃபாவோடதுல ஒண்ணு எடுத்துக்குறேன்க்கா" என்று புட்டியைத் திறந்தாள். நாக்கின் அடியில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இனிப்பே இல்ல. மஞ்சளா வேற இருக்கு. இது இன்னா மாத்திரக்கா?"

"அதுவும் வைட்டமின்தாம்மா."

ரஃபா சிரித்தான். "நம்மூரு மாத்திர அப்படித்தான் இருக்கும். ஒனக்கு லியோன்ல எல்லாமே மிட்டாயி. அக்கா மருந்துக் கடையில இருந்தவங்க, அவங்களுக்குத் தெரியாதா?"

ஈனெஸ் சிரிக்கவில்லை. புட்டியோடு அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஒரு நாள்கூட மறந்து செய்யவில்லை. இப்போது ஊசி போடுகிறார்களாம். கை திரும்பிவிடும், கால் சந்தேகம் என்கிறார்களாம். ஆஸ்பத்திரிக் கஞ்சியில் யாராவது மோரை ஊற்றிவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்.

ஆனால் பிரான்சுக்குப் போகவிடாமல் நான் அவனைத் தடுத்தேன் என்று ஈனெஸ் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவன் பாஸ்போர்ட்டை நான் ஒளித்து வைக்கவில்லை. போன வருஷம் அது முடிகிற சமயத்தில் ஞாபகப்படுத்தியவளே நான்தான். கான்சுலேட்டுக்கு நானே கூட்டிப்போனேன். படியேற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டான். புதுப் பாஸ்போர்ட் அலமாரியில் எல்லோரும் பார்க்கும்படிதான் இருந்தது. போக வேண்டும் என்று அவன் நினைத்திருந்தால், என்றைக்கு வேண்டுமானாலும் எழுந்து நடந்து போயிருக்கலாம்.